இரவில் சைக்கிள்: லைட்டா, ரேடியம் டேப்பா, பளிச் உடையா? எதை முதலில் வாங்குவது?

வேளச்சேரி_வண்டி
எல்லோருக்கும் வணக்கம். ரூட்: சென்னையில் வேளச்சேரி, தரமணி, அங்கிருந்து ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பிடித்து சோழிங்கநல்லூர். மதியம் போய் இரவு 10 மணிக்கு மேல் திரும்பும் ஷிஃப்ட். கியர் இல்லாத சாதா சைக்கிள், பின்னால் கேரியர், அதில் சாப்பாட்டுப் பை. இப்போது இருப்பது வண்டியோடு வந்த பின் ரிஃப்ளெக்டர் மட்டும்தான். பளிச் மஞ்சளில் ஒரு டி-ஷர்ட் போதும் என்கிறார் கடைக்காரர். லைட் இல்லாமல் மற்றதெல்லாம் வீண் என்கிறார்கள் வேறு சிலர். 1500 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். மழைக்காலம் வேறு வருகிறது. எந்த வரிசையில் வாங்கலாம்?

லூமன்
மஞ்சள் டி-ஷர்ட்டைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அந்தச் சாயம் சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதாவையும் நீலத்தையும் வாங்கி, கண்ணுக்குத் தெரியும் மஞ்சள்-பச்சையாகத் திருப்பிக் கொடுக்கிறது. பகலில் சுற்றியிருப்பதைவிடப் பிரகாசமாகத் தெரிவது அதனால்தான். மேகமூட்டத்திலும் மாலை மங்கலிலும் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் இரவு 10 மணிக்கு அதற்குத் தீனி இல்லை. சோடியம் விளக்கின் கீழ் அது வெறும் வெளிர்நிறத் துணி. வெள்ளை எல்.இ.டி. தெருவிளக்கில் கொஞ்சம் நீலம் இருந்தாலும் அது போதாது. கறுப்புச் சட்டைக்கு அது பரவாயில்லை, அவ்வளவுதான்.

ரிஃப்ளெக்டிவ் பட்டை வேறு ரகம். விழுந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். கார், பைக் ஓட்டுபவரின் கண் ஹெட்லைட்டுக்கு அருகில் இருப்பதால் அவருக்குப் பளீரென்று தெரியும். பஸ், டேங்கர் லாரி ஓட்டுநர் ஹெட்லைட்டுக்கு மிக உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார், ஆகவே திரும்பும் ஒளியில் அவருக்குக் கிடைப்பது குறைவு. ஹெட்லைட் எரியாத பைக்குக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். அதனால் சொந்தமாக எரியும் சிவப்பு விளக்கு பின்னால் கட்டாயம்.

என் வரிசை: பின் லைட், கணுக்காலுக்கு ரிஃப்ளெக்டிவ் பட்டை, முன் லைட், சைக்கிளுக்கு டேப், கடைசியில் வெஸ்ட் (சட்டைக்கு மேல் போடும் கையில்லாத பளிச் மேலாடை).

யூ_டர்ன்
> கணுக்காலுக்கு ரிஃப்ளெக்டிவ் பட்டை, முன் லைட்

முன் லைட்டை மூணாவதா வைக்காதீங்க ப்ரோ. ஓ.எம்.ஆர்.ல பாதி ஆபத்து முன்னாடி இருந்துதான் வருது. சர்வீஸ் ரோட்டுல ராங் சைடுல வர்ற பைக், யூ-டர்ன்ல திரும்புற கார், பெட்ரோல் பங்க்ல இருந்து வெளிய வர்ற வண்டி, இவங்க யாருக்கும் உங்க பின் லைட் தெரியாது. ரிஃப்ளெக்டரும் உதவாது. குறுக்கே வர்ற வண்டியோட ஹெட்லைட் உங்க மேல விழறப்போ நீங்க ஏற்கெனவே அவன் பம்பருக்கு முன்னாடி நிக்கிறீங்க. முன்னாடி வெள்ளை, பின்னாடி சிவப்பு, ரெண்டையும் ஒரே நாள்ல வாங்குங்க. மத்ததெல்லாம் அடுத்த சம்பளத்துல.

லூமன்
யூ_டர்ன் சொல்வது சரி. இரண்டு லைட்டும் சேர்ந்தே முதலிடம் என்று மாற்றிக்கொள்கிறேன். வாங்கும்போது லைட்டின் பக்கவாட்டிலும் ஒளி கசிய சிறு திறப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நேர் எதிரே மட்டும் அடிக்கும் லைட் சந்திப்பில் பயன்படாது.

ஸ்போக்ஸ்40
கணுக்கால் பட்டையைச் சின்ன விஷயமாக விட்டுவிடாதீர்கள். கொடுக்கும் காசுக்கு அதைவிட அதிகப் பலன் தரும் பொருள் எதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் மூடிய சோதனைச் சாலையில் இரவில் செய்த ஆய்வு 2012-இல் வெளியானது. கறுப்பு உடையில் இருந்த சைக்கிளோட்டிகளில் 2 சதவீதத்தைத்தான் ஓட்டுநர்கள் அடையாளம் கண்டார்கள். ஃப்ளோரசன்ட் (பளிச் நிற) வெஸ்ட் 15, ரிஃப்ளெக்டிவ் வெஸ்ட் 50. அதே வெஸ்டோடு கணுக்காலிலும் முழங்காலிலும் பட்டை சேர்த்தபோது 90.

காரணம் எளிது. மேலும் கீழும் போய்வரும் இரண்டு ஒளிப்புள்ளிகளைப் பார்த்ததும் மூளை “மனுஷன் பெடல் மிதிக்கிறான்” என்று புரிந்துகொள்கிறது. அசையாத ஒரு புள்ளி என்றால் அது தடுப்புக்கட்டையா, கல்லா, நிற்கும் வண்டியா என்று யோசிக்க நேரம் போகும். மணிக்கு 60 கி.மீ.யில் வரும் கார் நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. அந்த ஒன்றரை நொடி யோசனையிலேயே 25 மீட்டர் போய்விடும், அதற்குப் பிறகுதான் பிரேக்.

பட்டை 4 முதல் 5 செ.மீ. அகலம், வெல்க்ரோ வைத்தது, இரண்டு காலுக்கும். பேன்ட்டின் வெளியே, ஷூவுக்குச் சற்று மேலே கட்டுங்கள். வலது பேன்ட் செயினில் சிக்குவதையும் அது தடுக்கும். பெடலில் ஆம்பர் ரிஃப்ளெக்டர் இருந்து சேறு படிந்திருந்தால் துடையுங்கள், உடைந்திருந்தால் மாற்றுங்கள். அதுவும் இதே வேலையைச் செய்கிறது.

வேளச்சேரி_வண்டி
நன்றி சார். ரேடியம் டேப் எங்கே ஒட்டுவது, எந்த வகை? ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் எல்லாவற்றையும் ரேடியம் என்றே சொல்லித் தருகிறார்கள்.

ஸ்போக்ஸ்40
ஆமாம், இருட்டில் பச்சையாக மினுங்கும் ஸ்டிக்கர், வெறும் பளபளப்பு ஸ்டிக்கர், உண்மையான ரிஃப்ளெக்டிவ் டேப் எல்லாம் அதே பெயரில்தான் விற்கும். கடையிலேயே சோதித்துவிடலாம். டேப்பை நாலைந்து மீட்டர் தள்ளிப் பிடிக்கச் சொல்லி, போனின் டார்ச்சை உங்கள் கண்ணருகே வைத்துப் பாருங்கள். அது கண்ணைக் கூச வேண்டும். டார்ச்சைக் கையை நீட்டி ஓரமாகக் கொண்டுபோனால் மங்க வேண்டும். எங்கிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி மினுங்கினால் அது வேண்டாம்.

லாரிகளில் ஒட்டும் 50 மி.மீ. டேப்பில் ஏ.ஐ.எஸ். 090 என்ற இந்திய வாகனத் தர முத்திரை இருக்கும், தரமானது. ஆனால் கெட்டியானது, சைக்கிளின் மெல்லிய குழாயில் வளையாது, இரண்டு நாளில் ஓரம் தூக்கிக்கொள்ளும். அதை மட்கார்டு, கேரியரின் பின் தகடு, செயின் கவர் போன்ற தட்டையான இடங்களுக்கு வையுங்கள். ஃபோர்க்குக்கும் பின்பக்கக் குழாய்களுக்கும் வளையக்கூடிய மெல்லிய ரகம், 10 அல்லது 12 மி.மீ. அகலத்துக்கு வெட்டி.

ஒட்டும் முறையில்தான் பலருக்குத் தோற்கிறது. முதலில் சோப்புத் தண்ணீர், காய்ந்த பிறகு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த துணி. பாலிஷோ செயின் எண்ணெயோ துளி இருந்தாலும் பிடிக்காது. டேப்பின் நான்கு மூலைகளையும் கத்தரிக்கோலால் வளைவாக வெட்டுங்கள், கூர்மூலைதான் முதலில் உரியும். நடுவிலிருந்து வெளியே அழுத்தித் தேயுங்கள். அதன்பின் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக்கூடாது.

நிறம்: முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள் அல்லது வெள்ளை. பின்னால் வெள்ளை டேப் ஒட்டாதீர்கள். வண்டி எதிரே வருகிறதா, முன்னே போகிறதா என்று ஓட்டுநர் குழம்புவார். சக்கரத்தில் நீலமும் பச்சையுமாகச் சுழலும் அலங்கார எல்.இ.டி.க்கும் இதே குறை.

பக்கவாட்டுக்கு ஸ்போக்கில் மாட்டும் ரிஃப்ளெக்டிவ் குழல்கள் அருமையானவை. ஏழரை செ.மீ. நீளம், கையாலேயே அழுத்தி மாட்டலாம். பழைய பாணி 28 அங்குல வண்டியில் முன் சக்கரத்துக்கு 32, பின்னுக்கு 40 ஸ்போக் இருக்கும். ஒன்று விட்டு ஒன்று மாட்டினாலே முழு வட்டமாகத் தெரியும். ரிம்மில் டேப் ஒட்டுவதானால் பிரேக் கட்டை எங்கே படுகிறது என்று பாருங்கள். ராடு பிரேக் வண்டியில் அது ரிம்மின் உட்புறம், கேலிப்பர் பிரேக்கில் பக்கவாட்டு. அங்கே மட்டும் ஒட்டவே கூடாது.

மழைக்கோட்டு
அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் கணக்கே வேறு. மழை, ஈரத் தார் ரோடு, எதிர் ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து ரோடே கண்ணாடியாக மின்னும். ஹெல்மெட் வைசரில் துளி வழியும்போது பைக்காரருக்குச் சின்ன விளக்குகள் கலங்கித்தான் தெரியும். அதனால் மழையில் பகலிலும் லைட் எரியட்டும்.

லைட் வாங்கும்போது அட்டையில் ஐ.பி.எக்ஸ். எண் பாருங்கள், தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண் அது. 4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவே. பின் சக்கரம் வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீருக்கு 6 வேண்டும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். எந்த எண்ணாக இருந்தாலும் சார்ஜிங் ஓட்டையின் ரப்பர் மூடி சரியாக அழுந்தியிருக்க வேண்டும். நனைந்த லைட்டை வீட்டுக்கு வந்ததும் சார்ஜில் போடாதீர்கள். மூடியைத் திறந்து, ஓட்டை கீழே பார்க்க வைத்து ராத்திரி முழுக்கக் காயவிட்டு, காலையில் சார்ஜ். ஈரத்தோடு மின்சாரம் போனால் உள்ளே பின்கள் அரித்துவிடும், லைட் சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

இன்னொன்று. போன்சோ மாதிரி ரெயின்கோட் போட்டால் அது பின்னால் தொங்கி சீட்டுக்குக் கீழ் இருக்கும் லைட்டை முழுசாக மூடிவிடும். ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. மழைக்காலத்துக்கு லைட் கேரியரின் பின் நுனியில் இருக்கட்டும். ரெயின்கோட்டும் கருநீலத்திலோ கறுப்பிலோ வேண்டாம்.

டைனமோ
வேளச்சேரி_வண்டி, கேரியரில் பை வைக்கிறீர்கள் என்பதால் உங்களுக்கு மழையில்லாத நாளிலும் சீட் குழாயில் லைட் மாட்டுவது வீண். பை மறைக்கும். நல்ல கேரியர்களின் பின் தகட்டில் 50 அல்லது 80 மி.மீ. இடைவெளியில் இரண்டு துளை இருக்கும், அதற்கென்றே போல்ட் வைத்த பின் லைட்கள் வருகின்றன. துளை இல்லாவிட்டால் ஒரு எல் வடிவப் பட்டித்தகடு, எம்5 (5 மி.மீ.) போல்ட், ஸ்ப்ரிங் வாஷர், நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் வைத்து இறுகப் பிடிப்பது). சாதா நட்டு நம் ரோட்டுக் குழிகளில் தளர்ந்துவிடும். போல்ட் போட்ட லைட்டை ஸ்டேஷன் ஸ்டாண்டில் விட்டுப் போனாலும் சட்டென்று யாரும் கழற்ற முடியாது.

லைட்டின் முகம் தரைக்கு இணையாக நேர் பின்னால் பார்க்க வேண்டும். பையிலோ இடுப்பிலோ கிளிப்பில் தொங்கவிட்டால் வானத்தையோ தரையையோ பார்க்கும். பத்து டிகிரி சாய்ந்தாலே தூரத்து வண்டிக்குப் பாதி ஒளி போய்விடும்.

முன் லைட்டைத் திருப்பும் முறை: சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். லைட் தரையிலிருந்து 1 மீட்டர் உயரம் என்று வையுங்கள். சுவரில் விழும் வட்டத்தின் நடுப்பகுதி அரை மீட்டர் உயரத்தில் இருந்தால் ஒளி 10 மீட்டர் முன்னால் தரையில் விழும். கொஞ்சம் வேகமாகப் போகிறவர்கள் முக்கால் மீட்டருக்கு ஏற்றலாம், அப்போது 20 மீட்டர். அதற்கு மேல் ஏற்றினால் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். கண் கூசியவர் உங்களைப் பார்த்து ஒதுங்குவார் என்று நினைக்காதீர்கள், அவர் எதையுமே பார்க்காமல் நேராக வருவார்.

தெருவிளக்கு உள்ள ஓ.எம்.ஆர்.க்கு 150, 200 லூமன் (லைட் தரும் ஒளியின் அளவு) போதும். விளக்கில்லாத சர்வீஸ் ரோடு, ஏரிக்கரைப் பாதை என்றால் 300, 400. அங்கே குழி தெரிய வேண்டும்.

வேளச்சேரி_வண்டி
ரொம்பப் பயனுள்ள தகவல் அண்ணா. பிளிங்க் மோடா, நிலையாக எரிய வேண்டுமா? அந்தப் படபட மோடில் எல்லோருடைய கவனமும் விழும் என்று தோன்றுகிறது.

லூமன்
கவனம் விழும். ஆனால் தூரம் புரியாது. இருட்டில் விட்டு விட்டு எரியும் ஒற்றைப் புள்ளி எவ்வளவு தள்ளி இருக்கிறது, எந்த வேகத்தில் போகிறது என்று கண்ணால் பின்தொடர்வது கடினம். ஜெர்மனியில் சைக்கிளில் பொருத்தும் விளக்கு மின்னவே கூடாது என்று விதி இருக்கிறது.

என் பரிந்துரை: பின்னால் நிலையாக எரியும் ஒன்று கேரியரில், மெதுவாக மின்னும் சின்னது ஒன்று ஹெல்மெட்டின் பின்புறம். இரண்டு இருந்தால் ஒன்று வழியில் அணைந்தாலும் இருட்டில் விடாது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இரவில் நிலையாக. ஒளி கூடிக் குறையும் பல்ஸ் மோடு இருந்தால் அதுவும் நல்லது. முன் லைட் இரவில் மின்ன வேண்டாம், ஓட்டுபவருக்கே பள்ளம் தெரியாமல் போகும்.

பகல் வேறு. வெயிலில் மெல்லிய நிலை ஒளி தெரியாது, அங்கே பலமாக விட்டு விட்டு மின்னும் லைட்தான் எடுபடும். 2017 ஏப்ரல் முதல் புது பைக்குகளுக்கெல்லாம் ஹெட்லைட் எப்போதும் எரியும்படி வந்துவிட்டதால், பகலில் சின்ன வெள்ளை விளக்கு அந்தக் கூட்டத்தில் கரைந்துவிடும். பின்னால் சிவப்பு 100 லூமன் அளவில் இருந்தால் நல்லது. அதே 100-ஐ இரவில் நிலையாக எரியவிட்டால் பின்னால் வரும் சைக்கிள்காரருக்குக் கண் வலிக்கும், 20 முதல் 40 போதும்.

அடையாறு_காலை
பகல் பேச்சு வந்ததால் ஒரு சேர்க்கை. டென்மார்க்கின் ஓடென்சே நகரில் 2004-05-இல் 3,845 சைக்கிளோட்டிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஸ்போக்கில் காந்தம், ஃபிரேமில் விளக்கு, பேட்டரி இல்லாமல் இரவும் பகலும் எரியும் அமைப்பு. அது பொருத்தியவர்களுக்குக் காயம் ஏற்பட்ட விபத்துகள் 19 சதவீதம் குறைவு. பகலில் லைட் வீண் என்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

காலையில் ஈ.சி.ஆரில் முட்டுக்காடு வரை போகும் குழுக்களுக்கு: ஜனவரியில் சூரியன் 6.35-ஐ ஒட்டித்தான் எழுகிறது. 5 மணிக்குக் கிளம்பினால் ஒன்றரை மணி நேரம் முழு இருட்டும் அரை இருட்டும். அந்த அரை இருட்டில்தான் ஃப்ளோரசன்ட் ஜெர்சி உதவும், ஆனால் லைட்டை அணைத்துவிடும் நேரமும் அதுதான். அணைக்காதீர்கள். மாலையில் நவம்பர் கடைசியில் 5.40-க்கே சூரியன் மறைகிறது, ஜூனைவிட முக்கால் மணி நேரத்துக்கும் மேல் முன்னதாக. பள்ளி முடிந்து டியூஷன் போய் வரும் பிள்ளைகளின் சைக்கிளில் ஒரு சிவப்பு லைட்டாவது இருக்கட்டும் என்று பெற்றோர்கள் பார்க்க வேண்டும். பள்ளிப் பை முதுகை முழுசாக மூடும், ஆகவே பிள்ளைக்கு வெஸ்ட் வாங்குவதைவிடப் பையின் வெளிப்புறத்தில் ரிஃப்ளெக்டிவ் துணிப்பட்டை தைப்பது மேல்.

பூந்தமல்லி நெடுஞ்சாலை, ஆற்காடு சாலை மாதிரி கிழக்கு மேற்காகப் போகும் ரோடுகளில் இன்னொரு கவனம். மாலையில் மேற்கே போகும் ஓட்டுநரின் கண்ணில் நேர் வெயில், நீங்கள் வெறும் நிழலுருவம். எந்த நிற உடையும் அங்கே காப்பாற்றாது. முடிந்தால் அந்த இருபது நிமிடம் உள்தெருவில் போவதே நல்லது.

கடலோரத்தில் ஓட்டுபவர்களுக்கு: உப்புக் காற்றில் சார்ஜிங் பின்கள் பச்சை பூக்கும். மாதம் ஒருமுறை ஸ்பிரிட் தொட்ட காது பட்ஸால் துடைத்து, ரப்பர் மூடியின் விளிம்பில் மட்டும் லேசாக சிலிக்கான் கிரீஸ். சுடிதார் போடும் பெண்கள் துப்பட்டாவை முன்னால் முடிந்துகொள்ளுங்கள், காற்றில் பறந்து பின் லைட்டை மூடும்.

யூ_டர்ன்
அக்கா, வெஸ்ட் பத்தியும் சொல்லுங்க. நம்ம ஊர் புழுக்கத்துல அந்தப் பிளாஸ்டிக் துணியை யார் போட்டுட்டு மிதிக்கிறது?

அடையாறு_காலை
வலைத்துணி வெஸ்ட் கேளுங்கள் தம்பி. இல்லையென்றால் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே போகும் எக்ஸ் வடிவ ரிஃப்ளெக்டிவ் பெல்ட். இரவுக்கு அது போதும், காற்றும் போகும். வெஸ்ட்டே வாங்கினால் லேபிளில் ஐ.எஸ்.ஓ. 20471 (பளிச் உடைக்கான சர்வதேசத் தரம்) இருக்கிறதா, எந்த வகுப்பு என்று பாருங்கள். இரண்டாம் வகுப்பு என்றால் பளிச் துணி குறைந்தது 0.50 சதுர மீட்டர், ரிஃப்ளெக்டிவ் பட்டை 0.13 சதுர மீட்டர். சைக்கிளுக்கு அது தாராளம். எத்தனை தடவை துவைக்கலாம் என்பதும் லேபிளிலேயே அச்சிட்டிருக்கும். கம்ஃபர்ட் மாதிரி மென்மையாக்கும் திரவம் போடாதீர்கள், பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், அயர்ன் பண்ணாதீர்கள். வியர்வை உப்பைப் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினால் போதும். வெயிலில் கிடந்தால் மஞ்சள் சீக்கிரம் வெளுக்கும். வெளுத்தபின் அது சாதாத் துணிதான்.

டைனமோ
பேட்டரி பற்றி யாரும் எச்சரிக்கவில்லையே. ஆன்லைனிலும் ரிச்சி தெருவிலும் “1000 லூமன், 10 மணி நேரம்” என்று அட்டையில் போட்ட லைட்கள் குவிந்து கிடக்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1200 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி, 3.7 வோல்ட், ஆக சுமார் 4.4 வாட் மணி. எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100 லூமன் தருகிறது என்றால் 1000 லூமனுக்கு 10 வாட். அரை மணி நேரம்கூட வராது. தனியாக விற்கும் 18650 அளவு லித்தியம் செல்லில் 9900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தால் தொடவே வேண்டாம். அந்த அளவு செல்லில் உண்மையான கொள்ளளவு 3500-ஐ ஒட்டித்தான்.

விலை மலிந்த லைட்களில் பேட்டரி இறங்க இறங்க ஒளியும் மெல்ல மங்கும், ஓட்டுபவருக்கு அது தெரியாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை சார்ஜ் என்று வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்கும் வண்டியிலேயே லைட்டை விட்டால் லித்தியம் பேட்டரிக்கு ஆயுள் குறையும், ரப்பர் பட்டையும் வெடிக்கும். போல்ட் போட்ட பின் லைட்டுக்கு நிழல் பார்த்து நிறுத்துங்கள். முன் லைட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

சார்ஜ் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு டயரில் உரசி மின்சாரம் தரும் 6 வோல்ட் 3 வாட் பாட்டில் டைனமோ இன்றும் நல்ல வழி, எல்.இ.டி. விளக்கோடு. மழையில் டயரில் வழுக்கும், மிதிக்கக் கொஞ்சம் கனக்கும், சிக்னலில் நின்றால் அணையும். அதனால் பின்னால் பேட்டரி லைட் ஒன்று எப்படியும் வேண்டும்.

வேளச்சேரி_வண்டி
இப்படி வாங்கப் போகிறேன்: கேரியருக்குப் போல்ட் போடும் பின் லைட், 200 லூமன் முன் லைட், இரண்டு கணுக்கால் பட்டை, ஒரு மீட்டர் சிவப்பு டேப், ஒரு மீட்டர் வெள்ளை. பட்ஜெட்டில் மிஞ்சினால் ஸ்போக் குழல். எல்லாம் மாட்டியபின் சரியாகத் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஸ்போக்ஸ்40
நல்ல பட்டியல். சிவப்பு டேப்பில் முதல் துண்டு பின் மட்கார்டின் அடிநுனிக்கு, பழைய வண்டிகளில் வெள்ளை பெயின்ட் அடித்திருக்கும் அதே இடம். வெள்ளை, முன் ஃபோர்க்குக்கும் பக்கவாட்டுக்கும்.

சோதனைக்கு இரவில், பை, ரெயின்கோட் எல்லாம் மாட்டிக்கொண்டு, போக்குவரத்து இல்லாத தெருவில் நண்பர் ஒருவரை வண்டியோடு 50 மீட்டர், பிறகு 100 மீட்டர் பின்னால் நிற்கச் சொல்லுங்கள், ஹெட்லைட் லோ பீமில். நீங்கள் மிதித்துக்கொண்டே போங்கள், அவர் போனில் வீடியோ எடுக்கட்டும். ஃபோட்டோ வேண்டாம், கால் அசைவு அதில் தெரியாது. அடுத்து அவர் ஹெட்லைட்டை அணைத்துவிட்டு இன்னொரு தடவை, அப்போது உங்கள் லைட் மட்டும் எவ்வளவு தெரிகிறது என்று புரியும். கடைசியாக அவர் முன்னால் நீங்கள் குறுக்கே, இடமிருந்து வலம்.

மழைக்கோட்டு
அதே சோதனையை முதல் மழை நாளிலும் ஒருமுறை செய்யுங்கள். ஈரத்தில் சில மலிவு டேப்கள் முற்றிலும் செத்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீரை டேப்பில் ஊற்றி டார்ச் அடித்தால் வீட்டிலேயே தெரிந்துவிடும். செத்தால் அன்றே உரித்துவிட்டு வேறு வாங்குங்கள்.